கண்ணாடியில் ஒரு ப

கட்டபெட்டு தாண்டி மூன்றாவது வளைவில் பள்ளிக்கூடம்.
ஒன்றாம் வகுப்பில் பதினோரு பேர்,
எல்லோருக்கும் ஸ்வெட்டர்,
பாதிப் பேருக்கு மூக்கொழுகல்.
ஜூன் மாதம்.
விளாத்திகுளத்தில் அம்மா விசிறிக்கொண்டிருப்பாள்;
எனக்கு இங்கே சாக்பீஸ் பிடித்த விரல் விறைக்கிறது.

பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்:
பானா, மானா என்று பெயர் சொல்லாதீர்கள்,
சத்தம் சொல்லுங்கள்.
உதடு இரண்டையும் ஒட்டி, விடு:
ப்.
படத்தைக் காட்டினேன். ஒரு டம்ளர், நுரை ததும்ப.
"என்ன இது? ப்... ப்..."
முன்வரிசை மிதுன் நஞ்சன்
எழுந்து நின்று சொன்னான்:
"ஹாலு."

இல்லை கண்ணா.
அடுத்த படம், செம்பருத்தி.
"ஹூவு."
அதற்கடுத்தது;
தன் வாயையே திறந்து,
விழுந்த இடத்தில் நாக்கை வைத்துக் காட்டி,
"ஹல்லு."
மூன்று முறையும் இல்லையென்று தலையாட்டினேன்.
எஸ்டேட் லைனிலிருந்து வரும் நிரோஜா
முந்திக்கொண்டு மூன்றையும் சொன்னாள்,
பால், பூ, பல்.
எல்லோரும் கைதட்டுங்கள் என்றேன்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு பதினாறு நாள்
மிதுன் வாயிலிருந்து
உயிரும் வரவில்லை, மெய்யும் வரவில்லை.

பஸ்ஸில்தான் பிடிபட்டது.
கோத்தகிரிச் சந்தை நாள்.
முன் சீட்டில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய இரண்டு பெண்கள்.
உருளைக்கிழங்குத் தோட்டத்தில் பன்றி புகுந்த கதை, படுகில்.
பன்றி, ஹந்தி.
எத்தனை பன்றி?
ஹத்து.
நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
நான் உதட்டை மூடுகிற இடத்தில்
இவர்கள் திறக்கிறார்கள்.
மூன்று கேள்விக்கும்
ஒரே விதியால் விடை சொன்ன பிள்ளைக்கு
நான் சுழி போட்டிருக்கிறேன்.
இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

மறுநாள் காலை வெளியே ஒரே மஞ்சு.
ஜன்னல் பக்கம் அவனைக் கூப்பிட்டேன்.
"உங்க வீட்டுச் சொல்லை இந்தக் கண்ணாடிகிட்டச் சொல்லு."
நம்பவில்லை.
என்னைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான்.
"ஹாலு."
உள்ளங்கை அளவுக்கு வெள்ளை படர்ந்தது.

எங்கள் ஊரில் மூச்சு கண்ணுக்குத் தெரியாது.
இங்கே ஐந்து வயதுப் பையன்
மூச்சாலேயே ஒரு சிலேட்டுச் செய்துவிட்டு
அடுத்து என்ன என்பதுபோல் நிற்கிறான்.

"ஒரு கோடு இறக்கு. படுக்கப் போடு. மேலே ஏத்து.
மூடியில்லாத ஏனம் மாதிரி."
ப.
"பக்கத்துல ஒரு துணைக்கால்."
ல போட இடம் போதவில்லை;
இன்னொரு ஹாலு ஊதிக்கொண்டான்.
"உங்க வீட்ல லு-ன்னு வாய் திறந்தே போகும்.
இங்க தலைமேல ஒரு புள்ளி. அதோட நிறுத்து."
குத்திய வேகத்தில் நகம் கண்ணாடியில் டக்கென்றது.
உதட்டை ஒட்டினான். கன்னம் உப்பியது.
ப்... ஆ... ல்...
பால்.

விரல் போன கோடுகள் வழியே
வெளியே தெரிந்தது
தேயிலைச் சரிவில் ஒரு துண்டு,
சொசைட்டி வண்டியின் அரைச் சக்கரம்,
கேன் தூக்கும் யாரோ ஒருவருடைய கை.

அதற்குள் நிரோஜா ஓடிவந்து
ஹூவு ஹூவு என்று ஊதத் தொடங்கியிருந்தாள்.
அவளுக்கு அவ்வளவாகப் படியவில்லை.
"வயித்துலேருந்து ஊது" என்றான் மிதுன்.
பதினாறு நாளில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

நாலு மணிக்கு, கேட்டருகே,
வளைவில் திரும்பும் வண்டியைக் காட்டிக் கேட்டான்:
"டீச்சர், அப்போ பஸ்ஸுக்கு
எங்க வீட்ல ஹஸ்ஸா?"

யோசிப்பதற்குள் ஏறிவிட்டான்.
பின் கண்ணாடி வெளுக்கிறது.
அவன் உள்ளிருந்து எழுதுகிறான்,
நான் வெளியிலிருந்து வாசிக்கிறேன்.
ப, இடம் வலம் மாறினாலும் ப-தான்.
இரண்டாவது எழுத்து
என் பக்கத்துக்குத் திரும்பித் தெரிகிறது,
ஸ-வோ, ல-வோ,
கூட்டிப் பார்ப்பதற்குள்
பஸ் வளைந்துவிட்டது.